‘அடம்’ என்று எழுதாதே

சிறப்புக் கல்வி படித்தபோது எழுதிய என் முதல் பயிற்சி நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு கோடு. “காலை 10.15. பையன் சாப்பிடாமல் அடம் பிடித்தான்” என்று எழுதியிருந்தேன். மேடம் ‘அடம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் “நீ பார்த்தது என்ன?” என்று எழுதியிருந்தார். மறுபடி எழுதிக்கொண்டு போனேன்: “கோபமாக இருந்தான்.” அதையும் அடித்தார். மூன்றாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடு இப்படி எழுதினேன்: “தட்டை இரண்டு கையாலும் தள்ளினான். வாயை இறுக்கி மூடினான். ஜன்னல் பக்கம் திரும்பினான். மறுபடி ஊட்டப் போனேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.” படித்துப் பார்த்து, “இப்ப சரி. இனிமே ஏன்னு யோசிக்கலாம்” என்றார்.

அடம், சேட்டை, பிடிவாதம், கோபம், சோம்பல். இந்த ஐந்து சொல்லுக்கும் எங்கள் வகுப்பில் தடை. இவை பிள்ளையைப் பற்றிச் சொல்வதைவிட, பார்க்கிறவருடைய களைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன என்பார் மேடம். அப்போது அது வாத்தியார்களுக்கே உரிய நச்சரிப்பாகப் பட்டது. அதன் விலை எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆனது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஆசைப்பட்டு இந்தப் படிப்பில் சேரவில்லை. பிளஸ் டூ முடித்தபோது நர்சிங் கேட்டேன், கிடைக்கவில்லை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சிறப்புக் கல்வி டிப்ளமோ, இரண்டு வருஷம், கட்டணம் கம்மி, விடுதி உண்டு என்று பக்கத்து வீட்டு அண்ணன் விசாரித்துச் சொன்னார். நாங்கள் மண்டபத்துக்காரர்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்துச் சேர்த்த காசில்தான் என் முதல் வருஷக் கட்டணம் போனது. கிளம்புகிற அன்றைக்கு அம்மா கேட்டார்: “பைத்தியத்துக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறதுக்கு மதுரைக்கு எதுக்குடி போகணும்? ஏர்வாடிக்குப் போனாப் போதாதா?”

அம்மா கிண்டலாகக் கேட்கவில்லை. இந்தக் கடற்கரையில் யாருடைய மனமோ புத்தியோ மற்றவர்களைப் போல இல்லாவிட்டால் தெரிந்த வழி அது ஒன்றுதான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் இறந்தபோது நான் சின்னப் பிள்ளை. ரொம்ப நாள் பெரியவர்கள் அதைப் பற்றித் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள். மனநோய் வேறு, வளர்ச்சிக் குறைபாடு வேறு என்பதே கல்லூரியில் முதல் வாரம்தான் எனக்குத் தெரிந்தது. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், அதற்கு மருந்து உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ கூடவே வருபவை. அவற்றை மறையவைக்க மாத்திரை கிடையாது. கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள், அவரவர் வேகத்தில். தர்காவுக்குப் போவதையோ வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதையோ நான் யாரிடமும் தடுத்துப் பேசியதில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: “போயிட்டு வாங்க. ஆனா வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திறாதீங்க.” திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். அப்படி இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன்.

கல்லூரியில் எனக்குப் பிடித்தது ஒரு பட்டியல். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’. 18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் 360 வரிகள். உட்காருவது நடப்பதில் தொடங்கி சாப்பாடு, உடை, பேச்சு, காசு, நேரம், வீட்டு வேலை வரைக்கும் போகும். ஒவ்வொரு பிரிவும் எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும். செய்கிறானா இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். ‘இவனுக்கு ஒண்ணுமே தெரியாது’ என்று சொல்லும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நிரப்பிப் பாருங்கள். அறுபது வரிக்கு ‘செய்கிறான்’ என்று டிக் விழுந்ததும் அவர் முகம் மாறும். மதிப்பெண்ணைவிட அந்த முகமாற்றத்துக்காகவே நான் இதை இன்னமும் பெற்றோருடன் உட்கார்ந்துதான் நிரப்புகிறேன்.

அடுத்தது, ஒரு வேலையைப் படிப்படியாக உடைப்பது. கல்லூரியில் சட்டைப் பொத்தானை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து பார்த்தால் நான் வேலைக்குச் சேர்ந்த சிறப்புக் கல்வி மையத்துப் பையன்கள் எல்லாருக்கும் கைலி! கைலி கட்டுவதை எந்தப் பாடத்திலும் உடைத்துக் காட்டவில்லை. நானே வீட்டில் அண்ணனின் கைலியை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்து, பதினோரு படியாக எழுதினேன். கற்றுக்கொடுப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் படியையும் நாம் செய்துவிட்டு, இடுப்பில் சுருட்டிச் சொருகுவதை மட்டும் அவன் கையில் விட வேண்டும். அது வந்ததும் அதற்கு முந்தின படியையும் சேர்த்துக் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாக இருப்பான். முன்னாலிருந்து தொடங்கினால், பாதியில் நம் கை குறுக்கே போய் முடித்துவைக்கும். ஒரு சின்ன விஷயம்: புதுக் கைலி வழுக்கும். நாலைந்து தடவை துவைத்துச் சாயம் போன கைலியில் தொடங்குங்கள். ஒருவனுக்கு ஏழு மாதம் ஆனது. அவனுடைய அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் கைலிக் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கல்லூரியில் கற்றது இங்கே படுத்துக்கொண்டதும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை சாய்ந்து விழாமல் உட்கார, மூலை நாற்காலி ஒன்றை அட்டையும் பழைய பேப்பரும் மைதாப் பசையும் வைத்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தோம். செலவில்லாத நல்ல முறைதான். ராமேஸ்வரம் தீவில் ஐப்பசி வாடைக் காற்றுக்கும் மழைக்கும் அது தாங்கவில்லை. முதலில் நமுத்தது, பிறகு பூஞ்சை பிடித்தது. மைதா வாசனைக்குக் கரப்பான்பூச்சி குடும்பத்தோடு குடியேறியது. கடைசியில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற ஒருவரிடம் போய் நின்றோம். அவர் கேட்டதெல்லாம் அளவு மட்டும்தான். இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, தோள் உயரம். மூன்றையும் குழந்தையை உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும், படுக்கவைத்து எடுத்தால் தப்பாகும். பாதம் முழுசாகத் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும், தொங்கக் கூடாது. ப்ளைவுட்டில் செய்து மேலே ஃபைபர் ஒட்டிக் கொடுத்தார். எட்டு வருஷமாகியும் அந்த நாற்காலி உழைக்கிறது. நாலாவது குழந்தை அதில் உட்கார்கிறது.

அதேபோல் படக்கார்டுகள். ஆப்பிள், பனிமனிதன், தங்கமீன். சூடை மீனைக் குழம்பில் தினம் பார்க்கிற பிள்ளை தங்கமீனைப் பார்த்து வாயைத் திறக்காவிட்டால், ‘பெயர் சொல்லத் தெரியவில்லை’ என்று பதிவு செய்துவிடுவோம். நானும் செய்தேன். அப்புறம் செல்போனில் சூடை, நண்டு, ஐஸ்பெட்டி, வலை, அவரவர் வீட்டு வாசல், மண்டபம் பஸ் என்று நாங்களே எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்தோம். உப்புக்காற்றில் லேமினேஷன் ஓரம் பிரியும். அதற்குச் செல்லோடேப்.

சாப்பாடு விஷயத்தில் கல்லூரி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். மூளை முடக்குவாதக் குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சியை ஊற்றுவது இங்கே வழக்கம். அது மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று அலைகிற குழந்தைகளில் பலருக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கியது தெரிந்தபின் அடுத்த வாய். முடிந்ததும் அரைமணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும். மீனை விரலால் இரண்டு தடவை பிசைந்து முள் பார்க்க வேண்டும். நம் ஊர் அம்மாக்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் பயிற்சி மாணவிகளுக்குத்தான் அவர்கள் சொல்லித்தருகிறார்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பார்கள். பல்லுக்கு நடுவில் கரண்டியைத் திணிப்பார்கள். இரண்டும் வேண்டாம். சுற்றியுள்ள சாமானை நகர்த்தி, தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவள் நான். மையத்தில் முதல் தடவை வலிப்பைப் பார்த்த அன்று கடிகாரம் ஒன்று சுவரில் இருப்பதே மறந்துபோனது. எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டபோது “ரொம்ப நேரம்” என்றேன். இப்போது வேலைக்கு வரும் புதுப் பெண்களிடம் பொம்மையைப் படுக்கவைத்து, நான் கத்திக் கூச்சல் போட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவில் மணி பார்க்கச் சொல்லிப் பழக்குகிறேன்.

இடுப்பைப் பற்றி ஒரு வரி. வளர்ந்தவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, இரண்டு பேராகத் தூக்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவசரத்தில் ஒரு நாள் தனியாகத் தூக்கினேன். அந்த ஒரு நாளுக்குப் பத்து வருஷமாக வாடைக்காலத்தில் வட்டி கட்டுகிறேன்.

இன்னொன்று, பேசக் கூச்சப்படுவதால் விட்டுப்போவது. தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். பேசத் தெரியாத இருபது வயதுப் பெண்ணானாலும், “பாவாடையை மாத்தப் போறேன்” என்று சொல்லி, அவள் பார்க்கும்வரை நின்று, கதவைச் சாத்தி, பிறகுதான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உடையைக் கழற்றலாம் என்று பழகிப்போன பெண்ணுக்கு, தப்பான கை வரும்போது வித்தியாசம் எப்படித் தெரியும்? மாதவிலக்குப் பழக்கத்தைப் பொம்மையும் சிவப்பு மையும் வைத்துக் கற்றுக்கொடுத்தபோது எங்கள் வகுப்பே சிரித்தது. இங்கே ஐந்து பெண்களுக்கு அதே முறையில்தான் கற்றுக்கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கதை. ஒரு மாசி மாதம், பதினேழு வயதில் ஒரு பையன் எங்கள் மையத்தில் சேர்ந்தான். ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. நாலைந்து வார்த்தை பேசுவான். அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். தம்பியின் அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் போகிறவர். காலையில் சாதுவாக வருவான், காகிதப் பை ஒட்டுவான், சாப்பிடுவான். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பச் சொன்னால் சில நாள் வாசலிலேயே படுத்துவிடுவான். கையைக் கடித்துக்கொள்வான், தலையைத் தூணில் மோதுவான். முதலில் பல்வலி, காதுவலி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டினோம். பேசாத பிள்ளை தன்னை அடித்துக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது வலி. அது கல்லூரிப் பாடம், அதைச் சரியாகச் செய்தோம். வலி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கோட்டை விட்டேன். பதிவேட்டில் “வீட்டுக்குப் போக மறுக்கிறான்” என்று எழுதினோம். மையம் அவனுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. பங்குனியில் கல்லூரியில் படித்த டோக்கன் முறையைத் தொடங்கினேன். அழாமல் கிளம்பினால் ஒரு நட்சத்திர டோக்கன். மூன்று சேர்ந்தால் கடலை மிட்டாய். ஏப்ரல் நடுவில் கலாட்டா சுத்தமாக நின்றுவிட்டது. ஏப்ரல் போய், மே போய், ஜூன் வந்தது. ஒரு தடவைகூட இல்லை. அறிக்கையில் ‘திட்டம் வெற்றி’ என்று எழுதி, கோடு போட்டு வரைபடமும் ஒட்டினேன். அவன் பாட்டியோ, தர்காவில் கட்டிய நேர்த்திக்கடன் பலித்தது என்றார். அதைக் கேட்டு மனசுக்குள் சிரித்தேன்.

ஜூன் மூன்றாவது வாரம் தம்பி வாசலில் படுத்தான். தூக்கப் போனேன், என் முன்கையைக் கடித்தான். தழும்பு இருக்கிறது.

அன்று இரவு பரணிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன் என்றால் சினிமா மாதிரி இருக்கும். எடுக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்துத் தூங்கினேன். ஆனால் மறுநாள் புது நோட்டு ஒன்று வாங்கினேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது. தேதி, கிழமை, மணி. ‘மறுக்கிறான்’ என்ற சொல்லுக்கும் தடை. மூன்று வாரத்தில் எட்டு முறை பதிவானது. முன்னால் நடந்தது என்ற கட்டத்தில் எட்டிலும் ஒரே வரி: “பாட்டி ஷேர் ஆட்டோவில் வந்தார். தம்பி பாட்டியைப் பார்த்தான், அப்புறம் ரோட்டைப் பார்த்தான்.” படுக்காத நாட்களில் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்திருந்தார். ஆக, அப்பா வராத நாள்தான் பிரச்சினை. அதுவரைக்கும் எனக்கே புரிந்தது. எந்த நாள் வருவார், எந்த நாள் வர மாட்டார் என்பதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று நோட்டை மேசையில் விரித்துவைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மையத்தில் சமைக்கிற அக்கா டீயோடு வந்தவர் எட்டிப் பார்த்தார். எட்டாவது வரைக்கும் படித்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். “திங்க, புதன், சனி. தொழில் நாளுல்ல டீச்சர் இது?” என்றார். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் அந்த மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. எனக்கும் தெரிந்த விஷயம்தானே? ஆனால் தோன்றவில்லை. “இந்த ஒரு புதன்கிழமை மட்டும் ஒண்ணும் பண்ணலையே அக்கா?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். “அன்னைக்குக் காத்து. டோக்கன் குடுக்கல.”

மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கிளம்பும். நான் நட்சத்திர டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் வாரத்தை நடத்தியதோ வேறு டோக்கன்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா தினமும் வந்தார், தம்பி தினமும் சிரித்துக்கொண்டே ஏறினான். என் கடலை மிட்டாய்க்கும் பாட்டியின் நேர்த்திக்கடனுக்கும் அதில் பங்கு சமம்தான். பாட்டியை நினைத்துச் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

தம்பியின் அப்பாவை வரச்சொல்லிப் பேசினேன். அவன் தூங்கும்போதே கிளம்பிவிடுவாராம். எழுப்பிச் சொன்னால் என்ன என்று கேட்டேன். “கெளம்புற நேரம் புள்ள அழுதா மனசு கேக்காது டீச்சர். அழுகைச் சத்தத்தோட கடல்ல எறங்கக் கூடாதும்பாங்க” என்றார். இதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் இரவே சொல்லிவிடலாம் என்று பேசி முடித்தோம். நீளமான துணியில் ஏழு பை தைத்தோம். அப்பா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் போட்டோ நாலு, படகு போட்டோ மூன்று, பாட்டி ஆட்டோவில் இருக்கும் போட்டோ மூன்று. ராத்திரி சாப்பிட்டபின் அப்பாவும் மகனும் சேர்ந்து நாளைக்குரிய படத்தை எடுத்துப் பையில் வைக்க வேண்டும். படகு நாளென்றால் காலைப் படகு, சாயங்காலம் பாட்டி, அதற்கு அடுத்த பையில் ஸ்கூட்டர். பாட்டி வந்தபிறகு நாளைக்கு அப்பா வருவார் என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். மையத்து வாசலிலும் அதேபோல் ஒன்று.

மந்திரம் போட்டதுபோல் நிற்கவில்லை. முதல் இரண்டு வாரம் பாட்டி படத்தைக் கிழித்தான், நாங்கள் புதிது போட்டோம். மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு. புயல் எச்சரிக்கை, மீனவர் வேலைநிறுத்தம் என்று தொழில் நின்ற நாட்களில் அவசரமாகப் படத்தை மாற்ற வேண்டும். அதற்காக அவன் அப்பா காலையில் எனக்கு போன் செய்வார். மீன்பிடி நிலவரம் இந்த மாவட்டத்தில் என் அளவுக்கு அறிந்த சிறப்பு ஆசிரியை இருக்க மாட்டாள். ஒரு நாள் அவர் கேட்டார்: “பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னா என்ன படம் வைப்பீங்க டீச்சர்?” இலங்கைக் கடற்படையைச் சொல்கிறார். அவர்களுடைய தெருவில் அப்படிக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

இந்தப் படிப்புக்கு வரலாமா என்று கேட்டு அவ்வப்போது பெண்கள் வருகிறார்கள். என் அனுபவத்தில் சேரும் முன் பார்க்க வேண்டியது, அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு அந்த வருஷத்துக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்பது. முடித்ததும் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். 1992 சட்டப்படி பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது தண்டனைக்குரியது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க, தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். ஆசிரியராக விருப்பமில்லை, வீடு வீடாகப் போய் உதவும் வேலைதான் வேண்டும் என்றால் ஆறு மாதப் படிப்பும் இருக்கிறது. கவுன்சிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் தொடங்கியது அது. அறிமுகப் புத்தகத்தில் கட்டடப் படத்தைப் பார்க்காமல், செய்முறைப் பயிற்சி எத்தனை நாள், யாரோடு என்று கேளுங்கள். எங்கள் கல்லூரியில் பயிற்சி முழுக்க மூன்றிலிருந்து பதினாலு வயதுக் குழந்தைகளோடு. வெளியே வந்தால் நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் மீசை முளைத்தவர்கள்.

அதன் விலையையும் கொடுத்தேன். பதினெட்டு வயதான ஒருவரின் பெயரில் கணக்கு விஷயமாக அம்மா வங்கிக்குப் போனார். சட்டப்படி காப்பாளர் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெற்ற தாய் இருக்கும்போது காப்பாளர் எதற்கு என்று நானும் சேர்ந்து கோபப்பட்டேன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு தாண்டியவருக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவில் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இரண்டு வருஷப் படிப்பில் இவை அரைப்பக்கம். இப்போது பதினேழு வயது ஆனதுமே வீட்டுக்குப் போய் ஃபாரம் நிரப்ப உட்கார்ந்துவிடுகிறேன்.

அம்மா இப்போது பாசிக்குப் போவதில்லை. யாராவது மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், “கடலுக்குப் போறவங்களுக்கு டைம்டேபிள் போடுறா” என்கிறார்.

தம்பிக்கு இப்போது மீசை அடர்ந்துவிட்டது. இந்தத் தடைக்காலத்துக்கு அவன் அப்பா வீட்டில் இருக்கப்போவதில்லை. கடன் இருக்கிறது, கொல்லம் பக்கம் படகு வேலைக்குப் போகிறாராம். இரண்டு மாதம் ஸ்கூட்டரும் இல்லை, படகும் இல்லை. பாம்பனில் புதுப்பாலம் திறந்து ரயில் மறுபடி வர ஆரம்பித்துவிட்டதால் ரயிலில்தான் போவாராம். அதனால் ரயில் படம் ஒன்று வேண்டும், ஏறும் அப்பா ஒன்று, இறங்கும் அப்பா ஒன்று. இறங்கும் தேதி எது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறேன், போட்டோ எடுக்க. சமையல்கார அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார். தம்பி ரயில் ஹாரனுக்குக் காதைப் பொத்துவான். பஞ்சு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.